குறைந்துபோன அலகு

சுபாஷிணி வெர்னியர் அளவுகோலை மறுபடி வைத்து அளந்தாள். மறுபடியும் கணவாயின் அலகு நீளம் குறைவாகவே இருந்தது. பெரிய குறைவு ஒன்றுமில்லை, இரண்டு மில்லிமீட்டர். ஜாடி அதே ஜாடி, உள்ளே ஸ்பிரிட் அதே அளவு, மூடியில் அவள் கையெழுத்து அதே கையெழுத்து. அலகு மட்டும் செப்டம்பரில் அவள் அளந்த அலகு இல்லை.

இரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பவர்களுக்கு அவளுடைய தொழிலைச் சொல்லிவிட வேண்டும். அண்டார்டிகாவைச் சுற்றிய உறைகடலில், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் ராட்சதக் கணவாய் என்று ஒரு பிராணி வாழ்கிறது. வளர்ந்த ஒன்றை அதன் ஆழத்தில் உயிரோடு பார்த்தவர் யாரும் இல்லை. குட்டி ஒன்று சமீபத்தில் காமிராவில் சிக்கியதற்கே உலகம் துள்ளிக் குதித்தது. கால்பந்து அளவுக்குக் கண். கைகளில் நாலாபக்கமும் சுழலும் கொக்கிகள். தசை முழுக்க நவச்சாரம் கலந்த நீர். அதுதான் அவ்வளவு பெரிய உடம்பை மூழ்காமல் வைத்திருக்கிறது. அதனாலேயே மனிதன் வாயில் வைக்க விளங்காது. திமிங்கிலமும் சுறாவும் அப்படி நாக்கு பார்ப்பதில்லை. தின்றபின் எல்லாம் கரைந்துபோகும், கிளிமூக்கு மாதிரியான அலகு மட்டும் வயிற்றில் தங்கும். அந்த அலகை அளந்து, கணக்குப் போட்டு, முழுப் பிராணியும் இத்தனை நீளம், இத்தனை எடை என்று சொல்வதுதான் சுபாஷிணியின் பிழைப்பு. அலகில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் பிராணியில் பல கிலோ காணாமல் போகும்.

துக்கடாவாக ஒன்று கையில் கிடைத்தால் போதும், முழு ராட்சசனையும் எழுப்பி நிறுத்திவிடுவாள். இந்தக் கைப்பழக்கம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை என்பதுதான் கஷ்டம். அவள் குடியிருக்கும் டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மொட்டைமாடித் தொட்டி சீக்கிரம் காலியானால் கீழ்வீட்டுக் குடும்பம் விடியற்காலையில் என்னென்ன செய்கிறது என்று வரிசையாகச் சொல்லுவாள். பாதி சரியாகவும் இருக்கும். அந்தப் பாதிதான் அவளைக் கெடுத்தது.

ஆய்வுக்கூடம் கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால், கடலுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற முகத்தோடு நிற்கும் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில் இருந்தது. நவம்பர் புகை ஜன்னலுக்கு வெளியே பழுப்பாக நின்றது. மாதிரிகள் இருக்கும் அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று சுபாஷிணியிடம், இன்னொன்று அந்தோணியிடம்.

அந்தோணி தூத்துக்குடிக்காரன். கடல் உயிரியல் படித்து, அவளுக்குக் கீழே இளம் விஞ்ஞானியாக வந்தவன். அவளை அக்கா என்று கூப்பிடுவான். அந்த அலகைக் கொண்டுவந்ததே அவன்தான். போன அண்டார்டிகா கப்பல் பயணத்தில் ஒரு பெரிய சுறாவின் வயிற்றிலிருந்து எடுத்து, பெட்டிகளோடு போட மனசில்லாமல், பாட்டிலைத் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டில்லிவரை வந்தான். நம் நாட்டுக் கப்பல் கொண்டுவந்ததில் இதுதான் மிகப் பெரியது என்று சுபாஷிணி கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். இன்னொரு முறை அளந்து சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டதால்தான் இன்று ஜாடியைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை அடுத்த பயணத்துக்கான பெயர்கள் முடிவாகின்றன. இந்த முறை ஆழத்தில் காமிரா இறக்கி, ராட்சதக் கணவாயைத் தேடியே போகிறார்கள். இன்னொரு கப்பல் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தோணி டில்லி வெயிலையும் குளிரையும் புகையையும் பொறுத்துக்கொண்டு கிடந்தது இந்த ஒரு பயணத்துக்காக. அவன் பெயரைச் சிபாரிசு செய்திருந்தவள் சுபாஷிணி.

இப்போது அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தாள். அவள் யோசிக்க ஆரம்பித்தால் யாராவது ஒருவருக்குக் கெட்ட காலம்.

கொஞ்ச நாளாக அவன் சரியில்லை. மத்தியானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறான். அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. போனில் குசுகுசுவென்று பேசுகிறான், அவள் உள்ளே வந்தால் வைத்துவிடுகிறான். முன்பெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிறவன், இப்போது உதட்டைத் திறக்காமல் சிரிக்கிறான். போன வாரம் பையில் ஒரு பழுப்பு உறையைத் திணித்துக்கொண்டிருந்தான், அவளைப் பார்த்ததும் பையை மூடினான். போன கப்பலில் நியூசிலாந்துக்காரர் ஒருவரோடு அவனுக்கு நல்ல சிநேகம். பெரிய அலகு ஒன்றைக் கண்டால் அந்த ஆளுக்கு வாயூறாதா? பெரியதைக் கொடுத்துவிட்டு, சற்றுச் சிறியதை ஜாடியில் போட்டுவைத்தால் யாருக்குத் தெரியும்? அளந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

மூன்று மணிவாக்கில் அந்தோணி வந்தான்.

"எங்க போயிருந்தே?" என்றாள் சுபாஷிணி, ஜாடியைப் பார்க்காமல்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு சோலியா." கையால் வாயைத் தொட்டுக்கொண்டான்.

பொய் சொல்கிறவர்கள் வாயைத் தொடுவார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். அது போதுமானதாக இருந்தது.

அவளுடைய கணவன் வைத்தி ஓர் அமைச்சகத்தில் விஜிலென்ஸ் பிரிவில் இருந்தான். ஊழல் புகார்களைப் படித்துப் படித்து அவன் கண்ணுக்கு மனித ஜாதி இரண்டாகப் பிரிந்திருந்தது: மாட்டிக்கொண்டவர்கள், இன்னும் மாட்டாதவர்கள். சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான்.

"ஏன்னா, ஒருத்தனை நம்பலாமா கூடாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நம்பாம இருந்துட்டா அந்தக் கேள்வியே வராதே."

"விளையாடாதீங்கோ. அவனையே நேரா கேட்டுடட்டுமா?"

வைத்தி டம்ளரைக் கீழே வைத்தான். "அய்யய்யோ, அதை மட்டும் பண்ணாதே. கேட்டா உஷாராயிடுவான். எழுத்துலயும் ஒண்ணும் குடுக்காதே. நாளைக்கு உன் கழுத்தைப் பிடிக்கும். டைரக்டர் காதுல 'ஒரு டவுட் இருக்கு சார்'னு போட்டுட்டு வந்துடு. மீதியை அவா பாத்துப்பா."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லைன்னு தோணறது."

"எல்லாருக்கும் எல்லாரைப் பத்தியும் அப்படித்தான் தோணித்து. எங்க ஆபீஸ் முழுக்க அப்படித் தோணினவாளோட ஃபைல்தான்."

மறுநாள் காலை இயக்குநர் மல்ஹோத்ராவின் அறையில் அவள் வைத்தி சொல்லிக்கொடுத்தபடியே போட்டுவிட்டு வந்தாள். அலகு குறைந்திருக்கிறது, சாவி இரண்டு பேரிடம், அந்தோணியைப் பற்றி ஒரு சந்தேகம், அவ்வளவுதான். மல்ஹோத்ரா நிரம்ப நல்லவர். அதிலும் தலைவலி எதுவும் தன் மேஜைவரை வராதிருக்க எதையும் செய்கிற அளவுக்கு நல்லவர்.

"அச்சா," என்றார் இந்தியில். "அப்படியென்றால் இந்தப் பையனைக் கப்பலில் அனுப்ப முடியாது. கொச்சியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவரைப் போட்டுவிடுகிறேன். ஆனால் சுபாஷிணி ஜி, வெள்ளிக்கிழமை யாராவது ஏன் என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டுமே. ஜாடியில் இருப்பது வேறு அலகுதான் என்று நிரூபித்துக் கொடுங்கள்."

இவ்வளவு சுலபமாக ஒரு பெயர் போய்விடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வெளியே வரும்போது, தப்பு செய்தவன் அனுபவிக்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அந்தோணிக்குச் செய்தி போயிற்று. காரணம் எதுவும் சொல்லவில்லை. 'நிர்வாகக் காரணம்' என்று அரசாங்கத்தில் ஒரு பதில் உண்டு, அதைச் சொன்னார்கள். அவன் அவளிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்காததும் அவளுக்கு ஒரு சாட்சியாயிற்று. குற்றமில்லாதவன் என்றால் சண்டைக்கு வந்திருக்க மாட்டானா? வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வந்தான். முகம் வீங்கியிருந்தது, கைக்குட்டையால் கன்னத்தைப் பொத்தியிருந்தான். அழுதிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்ட பிறகு எல்லோரும் அழுகிறவர்கள்தானே. நிரூபணம் தேடி அலகை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

அலகின் நுனி கறுப்பு, கல்மாதிரி கெட்டி. பின்பக்கம் போகப்போக வெளிறி, மெல்லிய சிறகு மாதிரி இரண்டு பக்கமும் விரியும். செப்டம்பரில் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அது இல்லை என்று காட்டிவிடலாம் என்று நினைத்தாள். நுனியில் இருந்த சின்னச் சிதைவு இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். சிறகு சேரும் மடிப்பில், ஊசி முனை அளவுக்கு, சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

கணவாய் அலகில் சிவப்பு ஏது? ஊசியால் மெதுவாக நெருடினாள். சிவப்போடு கொஞ்சம் வெளிர்மஞ்சள் பொடியும் வந்தது. சந்தனம். சிவப்பு குங்குமம்.

சுபாஷிணி கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள். எடுத்தால் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியிருக்குமே.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை. ஆய்வுக்கூடத்தில் பூஜை போடுவது அவளுடைய ஏற்பாடு. அவரவர் தொழில் செய்யும் பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெர்னியர், மைக்ராஸ்கோப், இரண்டு தடிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் பெரிய அலகை வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. மாமிசம் சேராத வீட்டில் பிறந்தவள் பிராணியின் அலகைச் சாமிக்கு முன்னால் வைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கி, சோறு போடுகிற பொருளுக்கு ஆச்சாரம் என்ன என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் ஜாடியை வைத்தால் தீப்பிடிக்கும். அதனால் அலகை வெளியே எடுத்து, பித்தளைத் தட்டில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டாள். பூஜையில் வைத்ததை மறுபூஜைக்கு முன் தொடக்கூடாது. மறுநாள் தசரா, அதைத் தொட்டு வார விடுமுறை. ஆபீஸ் திறந்தபின்தான் எடுத்துக் கழுவி ஜாடியில் போட்டாள்.

டில்லி அக்டோபரில் ஈரத்துணி ஒரு மணியில் காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும். அலகு ஒருதரம் உலர்ந்தால் மெல்லிய சிறகு சுருங்கி முறுக்கிக்கொள்ளும்; அளக்கிற மூலையையும் கூட இழுத்துக்கொள்ளும். பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அவள் சொல்கிற முதல் பாடமே இதுதான். அந்தோணிக்கும் சொல்லியிருந்தாள்.

பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டினால் அந்தத் துளிக் குங்குமம் போய்விடும். அப்புறம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்தோணிக்கேகூடத் தன்னைச் சந்தேகப்பட்டார்கள் என்பது தெரியாது. பிரஷ் பக்கத்திலேயே இருந்தது. அவள் வைத்திக்குப் போன் செய்தாள்.

"அவன் எடுக்கலை. நான்தான் உலரவெச்சுட்டேன்."

மறுமுனையில் வைத்தி கேட்டான். "அவன் மேல எழுத்துல ஒண்ணும் இல்லையே? அப்புறம் என்ன. மூடின ஃபைல் மூடினதாவே இருக்கட்டும். நீ போய்த் திறந்தா உன் பேப்பரும் போகும், பேரும் போகும்."

"அவனோட கப்பல்?"

"அடுத்த கப்பல் வரும்."

"வரலைன்னா?"

"எனக்கு மீட்டிங்குக்குக் கூப்பிடறா. சாயங்காலம் பேசிக்கலாம்." போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வைத்தியும் கேட்கவில்லை, தன் யோசனை செல்லுபடியாகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மல்ஹோத்ராவின் மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். அந்தோணி கடைசி நாற்காலியில், கன்னத்தில் கைக்குட்டையோடு. அவர் பெயர்களைப் படிக்கத் தொடங்கியதும் சுபாஷிணி எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவோமோ என்று பயம்.

"சார், அலகு மாறவில்லை. நான் பூஜையில் எடுத்து வைத்ததில் உலர்ந்து சுருங்கிவிட்டது. இனிமேல் அந்த அலகை அளவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது தெரியாமல் அந்தோணி மாற்றிவிட்டான் என்று நான்தான் உங்களிடம் சந்தேகம் சொன்னேன். அதனால்தான் அவன் பெயரை எடுத்தீர்கள். தயவுசெய்து திரும்பப் போடுங்கள்."

"பூஜையிலா?" என்றார் மல்ஹோத்ரா. யாரோ இருமினார்கள். அவள் முகம் எரிந்தது.

அந்தோணி கைக்குட்டையை எடுத்தான். வாய் கோணிக்கொண்டு தமிழிலேயே கேட்டான். "அப்ப என் பல்லால இல்லியாக்கா?"

"என்ன பல்?"

அவன் மல்ஹோத்ராவைப் பார்த்து, பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னான். கப்பலுக்கு முன் நடக்கும் உடல் பரிசோதனையில் பல்லையும் பார்ப்பார்கள். உறைகடல் நடுவில் பல்வலி வந்தால் வைத்தியம் கிடையாது. கடைவாய்ப் பல் ஒன்று மாதக்கணக்காக வலித்துக்கொண்டிருந்தது. தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று யாருக்கும் சொல்லாமல் மத்தியானங்களில் கரோல்பாக் டாக்டரிடம் போய்வந்தான். போனில் குசுகுசுத்தது அவரிடம்தான், பழுப்பு உறையில் இருந்தது எக்ஸ்ரே. பெயர் போனதும், எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, வியாழக்கிழமை காலை போய் அந்தப் பல்லையே பிடுங்கிவிட்டான். இன்று வாயைத் திறந்து காட்டி இன்னொரு தரம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று வந்திருந்தான்.

அறை முழுக்கச் சிரித்தது. மல்ஹோத்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே கொச்சிக்காரர் பெயரை அடித்து அந்தோணியின் பெயரை எழுதினார். அந்தோணியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரம்தான். பிறகு அவன் சிரிப்பு நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவள் சொன்ன மற்ற விஷயம் அவனுக்குள் இறங்கியது.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்குப் போனார்கள். வராந்தாவில் அவள் அவனைப் பிடித்தாள்.

"மன்னிச்சுடு அந்தோணி. அந்தப் பல்லைக் காப்பாத்தியிருக்க முடியுமா?"

"ரூட் கெனால் பண்ணா நிக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு. அது போகட்டும்க்கா. கடைவாய்ப்பல்லு, வெளிய தெரியாது." அவன் வெளியே புகையைப் பார்த்தான். "ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. பூசையன்னைக்குத் தட்டப் பிடிச்சிட்டு நின்னது நாந்தானே. அலகு நாலு நாள் காஞ்சு கெடந்துச்சுன்னு அங்கேயே சொல்லியிருப்பேன்."

அவளுக்கு அந்தத் தட்டும் அதைப் பிடித்திருந்த கையும் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. ஞாபகம் வந்ததும் கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். "தெரிஞ்சிருக்கே, அப்பவே ஏன் சொல்லலே? உலரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. நீங்க பக்தியா பொட்டெல்லாம் வச்சு எடுத்து வச்சிருக்கீங்க. நான் வேற மதத்துக்காரன். அத அங்கேர்ந்து எடுங்கன்னு நான் சொன்னா..." நிறுத்தினான். பேசினால் வலிக்கிறது போலும், அல்லது வேறு வார்த்தை தேடினான். "நீங்க வேற மாதிரி எடுத்துக்கிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்ல சுபாஷிணி வாயைத் திறந்தாள். எடுத்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.